செக்கர் வீட்டுக் கதவு

என் தங்கை விவியனை ரபேலுக்குக் கட்டிக்கொடுத்த அன்று, பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை செய்த முதல் காரியம், சமையல்காரர் இறக்கி வைத்த பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததுதான். கோழி என்று சொல்லிவிட்டு வெறும் உருளைக்கிழங்கைப் போட்டிருக்கிறார்களா என்று, கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரண்டியால் கிளறிப் பார்த்தார். மணப்பெண் மேடையில் தனியாக நின்றாள். "இந்த ஆளோட எப்படிடி குடும்பம் நடத்தப் போறே?" என்று அவள் காதில் கேட்டேன். "பாத்துக்கலாம்க்கா" என்றாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ரபேலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் நாங்கள் ஒரே வரிசை வீடுகளில் குடியிருக்கிறோம். அவர் வீட்டில் குழம்பு கொதிக்கிற வாசனை என் வீட்டுக்கு வரும், என் வீட்டில் நான் போடுகிற சத்தம் அவர் வீட்டுக்குப் போகும். அது தவிர, அவருடைய மகள் ஜோஆன் படிக்கிற தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துவதும் நான்தான். ஆக, அந்தக் குடும்பத்தில் நடப்பது எதுவும் என் காதுக்குத் தப்புவதில்லை. தப்பியது ஒன்றே ஒன்று. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ரபேலுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் வேலை. வாசல் செக்கர். லோரி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும், கண்டெய்னர் கதவில் மாட்டியிருக்கும் சீலைப் பார்த்து, எண் சரியா என்று ஒத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் தடுப்புக் கம்பி மேலே போகும். நல்ல உத்தியோகம்தான். ஆனால் அந்த வேலையை மனுஷர் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சமையல் கேஸ் தோம்பு வந்தால் எடை சரியா என்று தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. இவர் ஒரு மீனைப் பார்த்துவிட்டு, "அடியில கெடக்கறத எடு" என்று மீன்காரனிடம் சண்டை பிடிப்பார். ஒரு வருஷம் கோயில் திருவிழாவில் அதிர்ஷ்டக் குலுக்கு. ஃபாதர் பெட்டிக்குள் கையை விடப் போகும் நேரம், இவர் எழுந்து நின்று, பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். விவியன் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் இவர்களைத் தெரியாதவள் மாதிரி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

பிறவியிலேயே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பாதிதான் அப்படி. மீதிப் பாதியைச் செய்து கொடுத்தவன் சபாபதி என்ற லோரி டிரைவர். ரபேலோடு ஒரே மேசையில் தேத்தண்ணி குடிப்பவன், ஜோஆன் பிறந்தபோது தொட்டில் வாங்கி வந்தவன். ஒரு நாள் அவன் ஓட்டி வந்த கண்டெய்னரை ரபேல் பார்த்தார். சீல் பத்திரமாக இருந்தது, எண்ணும் சரி. கையெழுத்துப் போட்டு அனுப்பினார். போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்தபோது, ரப்பர் கையுறைப் பெட்டிகளுக்குப் பதில் பழைய அட்டையும் மணல் மூட்டையும் இருந்தன. சீலைத் தொடவே இல்லை. கதவைத் தாங்கும் கீலின் போல்ட்டைக் கழற்றி, கதவையே பெயர்த்தெடுத்து, சரக்கை மாற்றி, திரும்பவும் மாட்டி, மேலே புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். சபாபதியைக் காணவில்லை. காகிதத்தில் இருந்தது ரபேலின் கையெழுத்து. போலீஸ் நிலையம், விசாரணை, வேலையிலிருந்து இடைநீக்கம் என்று அந்த மனுஷர் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. குற்றம் இல்லை என்று ஆகி வேலைக்குத் திரும்பினார். ஆனால் திரும்பிய ஆள் வேறு.

அதற்குப் பிறகு அவர் சீலைப் பார்ப்பதோடு விடுவதில்லை. சுத்தியலால் கீலைத் தட்டிப் பார்ப்பார், பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். "சீல் ஒடஞ்சி இருந்தா பயமில்லக்கா. சரியா இருந்தாத்தான் சந்தேகம் வரணும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு ஆளிடம் போய், உன் மகள் திடீரென்று நன்றாக எழுதுகிறாள் என்று சொன்னால் என்ன ஆகும்?

ஜோஆன் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள், பென்சிலைக் கையில் கொடுத்தால் ஊமை. கை அவள் சொன்னபடி கேட்காது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், கோட்டை விட்டு இறங்கும், பாதிப் பக்கத்துக்குள் விரல் வலித்து மரத்துப்போகும். மற்றப் பிள்ளைகள் முழுக் கட்டுரை எழுதி முடிக்கிற நேரத்தில் இவள் தலைப்புக்குக் கீழே கோடு போட்டிருப்பாள். ரபேல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வரை போய் மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களாக வாங்கி வந்து, மனப்பாடம் செய் என்று உட்கார வைத்தார். நம் பள்ளிகளில் அதுதானே வழக்கம்? 'நான் ஒரு குடை' என்று தலைப்பு வந்தால், குடை ஒரு தொழிற்சாலையில் பிறக்க வேண்டும், ஒரு செல்வந்தர் வாங்க வேண்டும், கடைசியில் கிழிந்து குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் விட வேண்டும். எனக்குத் தெரிந்து எத்தனையோ வருஷமாக எல்லாக் குடையும் அதே தொட்டியில்தான் கிடக்கிறது. ஜோஆனுக்கு மனப்பாடமும் ஏறவில்லை.

அப்போதுதான் பள்ளிக்கு அந்த மெஷின்கள் வந்தன. முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பெட்டி வந்து இறங்கியபோது எனக்கும் நம்பிக்கை இல்லை. சும்மா வருகிற சாமானுக்குப் பின்னால் டத்தோ பட்டம் வாங்கிய யாராவது ஒரு பெரிய மனுஷர் மாலையோடு போட்டோ எடுக்க நிற்பார் என்று கேண்டீன் கதவோரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் எனக்கே சப்பென்று போய்விட்டது. சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு விசைப்பலகை. தலைமாட்டில் பட்டையாகச் சாம்பல் நிறத் திரை. நாலைந்து வரிதான் தெரியும். படம் வராது, பாட்டு வராது, இணையம் கிடையாது. தட்டினால் எழுத்து வரும், எழுதியதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

"இதுல கேம் கூட இல்லையா டீச்சர்? பிள்ளைங்க தொடுமா?" என்று ஜோஆனின் வகுப்பாசிரியை தாரா டீச்சரைக் கேட்டேன்.

"இல்லாததுதான் அக்கா நல்லது. எழுதறத தவிர இதுல செய்றதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார்.

தாரா டீச்சர் பிரிக்பீல்ட்ஸில் இருந்து தினமும் ரயிலில் வருபவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். பேச்சு மெதுவாக இருக்கும், பிடித்ததை விடமாட்டார். கை ஒத்துழைக்காத பிள்ளைகளாகப் பொறுக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஜோஆனுக்கும் ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு போய்த் திங்கட்கிழமை கொண்டு வரலாம்.

முதல் வெள்ளிக்கிழமையே ரபேல் அதைச் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டார். பேட்டரி மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்துத் துளைகளுக்குள் பார்த்தார். சிம் கார்டு போட இடம் இருக்கிறதா, கேமரா ஒளிந்திருக்கிறதா, இரவில் தானாக எங்காவது பேசுகிறதா என்று தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்ணும் இல்லல? குடுத்துருங்க, பாவம்" என்றாள் விவியன்.

"ஒண்ணும் இல்லங்கறதுதான் இடிக்குது. யாருலா இந்தக் காலத்துல ஒண்ணுமே இல்லாத மெஷின் செய்வான்?" என்றார்.

அந்த டீச்சர் மீதும் அவருக்கு ஒரு கண். கோலாலம்பூரில் அவ்வளவு பள்ளி இருக்கும்போது எதற்காகக் கிள்ளானுக்கு ரயில் ஏறி வருகிறார் என்று என்னிடம் கேட்டார். "உங்க மூஞ்சியப் பாக்கத்தான் தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சந்தேகப்படுகிறவனிடம் கேலி பேசுவது வீண் வேலை, அதற்குள்ளும் என்ன இருக்கிறது என்று துழாவுவான்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் இடைவேளையில் தாரா டீச்சர் என் கேண்டீனுக்கு வந்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல், ஒரு தாளை நீட்டினார். "உங்க தங்கச்சி மக எழுதினது. படிங்க."

தலைப்பு 'நான் ஒரு குடை'. அடக் கடவுளே, மறுபடியும் குப்பைத் தொட்டியா என்று படிக்க ஆரம்பித்தேன். தொட்டியே இல்லை. ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் கோயில் வாசலில் வாளிக்குள் போட்டுவிட்டுப் போகிற குடைகளில் ஒன்று பேசுகிறது. எல்லாம் கறுப்புக் குடை. பூசை முடிந்ததும் அவசரத்தில் யார் யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்தக் குடை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில் இருக்கிறது. போகிற வீட்டில் எல்லாம் அதைத் தங்கள் குடை என்றே நம்புகிறார்கள். "என்னைத் தொலைத்தவர் யாரும் என்னைத் தேடவில்லை, ஏனென்றால் அவர் கையிலும் ஒரு குடை இருந்தது" என்று ஓர் இடத்தில் வந்தது. அந்த வாளியை நானும் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

"கையால எழுதச் சொன்னா இதுல முதல் வரியோட நின்னுருப்பா. தலைக்குள்ள இருக்கறது வெளிய வர்றதுக்குள்ள விரல் செத்துப் போயிடுது" என்றார் டீச்சர். ஆண்டிறுதிச் சோதனையிலும் ஜோஆன் அந்த மெஷினிலேயே எழுத அனுமதி வாங்கப் போவதாகச் சொன்னார். அதற்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்: இதில் வருவது பிள்ளை தானே எழுதுவதுதான், எங்களுக்குத் தெரியும் என்று. அடுத்த வாரத்துக்குள் போடாவிட்டால் மெஷின் வேறு பிள்ளைக்குப் போய்விடும். காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள். ஜோஆன் மறுபடியும் பென்சிலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விவியன் தான் வேலை செய்யும் புடவைக் கடையிலிருந்து வந்த கையோடு கையெழுத்துப் போட்டாள். ரபேல் குடைக் கட்டுரையை எடுத்து, ஒரு முறை படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"இது எம் மக எழுதினது இல்ல."

"வேற யாரு எழுதினா?" என்று விவியன் கேட்டாள்.

"அந்த ஏ.ஐ. எழுதியிருக்கும். இல்ல டீச்சர் சொல்லிக் குடுத்திருப்பாங்க, ஸ்கூலுக்குப் பேர் வேணும்ல. நேத்து வரைக்கும் நாலு வரி எழுதத் தெரியாத பிள்ளைக்கு இன்னிக்கு இப்படி வருமா? சரக்கு மாறியிருக்கு. உள்ள என்ன ஏத்தினாங்கன்னு பாக்காம கையெழுத்துப் போட்டுத்தான் ஒரு தடவ மாட்டினேன். இன்னொரு தடவ போடமாட்டேன்."

ஜோஆன் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சபாபதி செய்த களவுக்கு இந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று விவியன் என்னிடம் வந்து அழுதாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் இறால் குழம்பை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு போனேன்.

போனால், அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சி நிறுத்தப்பட்டிருந்தது. எல்லாருடைய கைப்பேசியும் குளிர்பெட்டிக்கு மேலே வரிசையாக. மேசையின் ஒரு பக்கம் ஜோஆனும் மெஷினும். எதிர்ப்பக்கம் ரபேல், திரையைத் தன் பக்கம் பாதி திருப்பி வைத்துக்கொண்டு. "எழுது" என்றார். அவள் ஒரு சொல் தட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அவள் அதை அழித்தாள். இன்னொரு சொல். அவர் மறுபடியும் குனிந்தார். அவள் அதையும் அழித்தாள். குழம்பு ஆறி மேலே எண்ணெய் படிகிற வரைக்கும் இதே கதைதான். திரையில் ஒன்றும் இல்லை. ஜோஆன் அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மெஷினை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பாத்தீங்களாக்கா?" என்றார் ரபேல். ஜெயித்தவர் முகமாக இல்லை அது. "நான் பாக்கும்போது ஒண்ணும் வரல."

"நீங்க மொறச்சிக்கிட்டு ஒக்காந்தா எனக்கு சோறு கூட எறங்காது தம்பி, இதுல கட்டுர வேற வருமா?" என்று சொல்லிவிட்டு, குழம்பையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு அது தண்டனை என்று எண்ணினேன். விவியனும் பிள்ளையும்தான் அன்றைக்கு முட்டைப் பொரியலோடு சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை ரபேல் விடுப்பு எடுத்துக்கொண்டு, மெஷினைத் துணியில் சுற்றி, மகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கத்தான். காலை இடைவேளை முடிந்திருந்தது. தாரா டீச்சர் கேண்டீனில் இருந்தார், பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

"எங்க வீட்டுல வெச்சிப் பாத்துட்டேன் டீச்சர். அவளால முடியல. நான் பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன்."

"நீங்க முன்னாடி ஒக்காந்திருந்தீங்களா?"

"பின்ன? பாக்காம எப்படி டீச்சர் நம்பறது?"

"மிஸ்டர் ரபேல், எழுதறத யாரும் பாத்துக்கிட்டு இருந்தா எனக்கே வராது. அவ இங்க வகுப்புல எழுதறத நான் தினம் பாக்கறேன்."

"நீங்க பாக்கறீங்க. நான் பாக்கலயே."

இருவரும் விடவில்லை. ஜோஆன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, துணியில் சுற்றிய மெஷினைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தா தம்பி, நீங்க கண்டெய்னருக்குள்ள ஒக்காந்துக்கிட்டா போறீங்க? ஏத்தறதுக்கு முன்னால காலியா இருக்கான்னு பாக்கறீங்க, அப்புறம் கதவச் சாத்திட்டு வெளிய காவல் இருக்கீங்க. அதையே செய்ங்க. என் ஸ்டோர் ரூம் இருக்கு. ஒரே கதவு. உள்ள போயி நல்லாத் துழாவிப் பாருங்க. பாத்துட்டு அவள உள்ள விடுங்க. நீங்க வெளிய நில்லுங்க."

இது அவருக்குப் புரிந்த பாஷை. எழுந்து போய், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தார். மாவு டின்னைத் திறந்து பார்த்தார். மேலே இருந்த சிறு ஜன்னலின் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "வைஃபை எங்கேருந்து வருதுக்கா?" என்று கேட்டார். "இங்க மொளகா நெடிதான் வரும், வேற ஒண்ணும் வராது" என்றேன். பிறகு மெஷினைத் தானே துணியிலிருந்து எடுத்து, உள்ளே ஏற்கெனவே ஏதாவது எழுதி வைத்திருக்கிறதா என்று டீச்சரையே திறந்து காட்டச் சொல்லி, காலிப் பக்கத்தை வைத்தார்.

கடைசியாகத் தலைப்பு. மாதிரிக் கட்டுரைப் புத்தகம் எதிலும் இருக்கக் கூடாது, முன்கூட்டியே யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவும் கூடாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றவர், அறையின் கதவைப் பார்த்தார். "எங்கள் வீட்டுக் கதவு. அதப் பத்தி எழுது" என்றார்.

ஜோஆன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதையா அப்பா?"

"அதைத்தான்."

"அப்படின்னா கதவ நல்லாச் சாத்திருங்க" என்றாள்.

ரபேல் கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் வகுப்புக்குப் போனார். நான் தட்டுகளைக் கழுவினேன். உள்ளேயிருந்து விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு நிற்காமல். ரபேல் கதவில் காதை வைத்தார். பாதியில் எழுந்து கைப்பிடியைத் தொட்டார். நான் கையிலிருந்த அகப்பையை நீட்டி, "ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? தட்டுகிற சத்தம் எல்லாம் எழுத்து ஆகிவிடுமா?

டீச்சர் திரும்பி வந்த நேரத்தில் கதவு திறந்தது. ஜோஆன் மெஷினை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

திரையில் நாலைந்து வரிதானே தெரியும். கீழ் விசையை அழுத்தி அழுத்தித்தான் படிக்க வேண்டும். ரபேல் அழுத்தினார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன்.

"எங்கள் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு இருக்கிறது. அப்பா இரண்டையும் பூட்டி இழுத்துப் பார்ப்பார். பிறகு கீலைத் தொட்டுப் பார்ப்பார். எல்லாரும் பூட்டைத்தான் பார்ப்பார்கள், கீலைப் பார்க்க மாட்டார்கள் என்று அப்பா சொல்வார்."

ரபேலின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அழுத்தினார்.

"கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குப் பயம். கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றும் பயம். அதனால் கதவைப் பூட்டிய பிறகு என் பள்ளிப் பையைத் திறப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், தூங்க மாட்டேன். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, அதே வரிசையில் வைத்துவிடுவார். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார். நான் ஜிப்பில் ஒரு தலைமுடியைச் சுற்றி வைப்பேன். காலையில் அது இருக்காது."

அவர் விரல் நின்றுவிட்டது. நான்தான் கையை நீட்டிக் கீழ் விசையை அழுத்தினேன்.

"அப்பா என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நானே அதைப் பைக்குள் எடுத்து வைத்துவிடுவேன். அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஸ்டோர் ரூம் கதவு திறந்தே கிடந்தது. பிறகு ரபேல், மெஷினைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்: "இது யாருக்கும் தெரியாதுக்கா. விவியனுக்கே தெரியாது."

"அப்ப வேற யாரும் எழுதியிருக்க முடியாது" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்க வேண்டும் என்று வாய் துடித்தது. அவர் காது மடல் வரை சிவந்திருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, எல்லாம் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்த எனக்கும் இது தெரியவில்லையே. அந்தப் பிள்ளை எத்தனை இரவு கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்ததோ.

மெஷினோடு திரும்பி வந்திருந்த அனுமதித் தாளைத் தாரா டீச்சர் நீட்டினார். ரபேல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, கிடங்கில் செய்கிற பழக்கத்தில், பக்கத்திலேயே நேரத்தையும் குறித்தார். பிறகு குழாய்ப் பக்கம் போய் மகளின் பின்னால் நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். "கிளாசுக்குப் போம்மா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் ஜோஆன் பையோடு நேராக என்னிடம் வந்தாள். முகத்தில் ஒரு தினுசான வெளிச்சம்.

"பெரியம்மா, முடி இருக்கு. நேத்து வெச்சது அப்படியே இருக்கு."

ஜிப்பைக் காட்டினாள். சின்னதாக, கறுப்பாக, சுற்றியபடி இருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இத்தனை வருஷம் அந்த மனுஷரோடு பழகிய பாவம், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒங்கப்பாவுக்கு இப்ப முடி இருக்கற விஷயம் தெரியும்ல. எடுத்துப் பாத்துட்டுத் திரும்பச் சுத்தி வெச்சிருந்தா? சீல் சரியா இருந்தாத்தானே சந்தேகம் வரணும்?"

ஜோஆன் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பையை மேசையில் வைத்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினாள். பக்கங்களுக்கு நடுவில் இன்னொரு முடி, நேராக, அசையாமல் கிடந்தது.

"ரெண்டாவது ஒண்ணு வெச்சேன் பெரியம்மா. இத நான் கட்டுரையில எழுதல. அப்பா கீலைத்தான மொதல்ல பாக்கணும்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது பெண்.

"அப்ப இனிமே வைக்க வேணாம்ல?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். அந்த முடி விழுந்துவிடாதபடி, மெதுவாக.